நியூஜெர்சி தோட்டத்துக்கு ஹம்மிங்பேர்ட் வர என்ன செடி வைக்கலாம்?

எடிசன் தோட்டம் | நியூஜெர்சி | மார்ச் 8

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை பற்றித்தான் கேட்டிருக்கிறேன். இந்த முறை ஒரு பறவைக்காகக் கேட்கிறேன்.

பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் அந்தச் சின்னஞ்சிறு ஹம்மிங்பேர்ட் வர வேண்டும் என்று மூன்று வருடமாகச் சிவப்பாக எது கிடைத்தாலும் வாங்கி வைக்கிறேன். தொட்டியில் செம்பருத்தி, தொங்கும் கூடையில் அடுக்குப் பெட்டூனியா, படிக்கட்டு ஓரம் ஜெரேனியம். செடியோடு வந்த அட்டையில் அந்தப் பறவையின் படமே போட்டிருந்தது. போன ஆகஸ்டில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பறவை வந்தது. செம்பருத்தியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

ஜூனில் அப்பா ஊரிலிருந்து வருகிறார், நவம்பர் வரை இருப்பார். கும்பகோணத்தில் எங்கள் கொல்லைக்குத் தேன்சிட்டு வந்தால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பார். அவருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று ஆசை.

இடம் என்று பார்த்தால் மேற்கு வேலி ஓரம் சுமார் 20 அடி. காலையில் நிழல், மதியத்துக்கு மேல் நல்ல வெயில். களிமண். மான் தொல்லை உண்டு. எந்தச் செடி வைத்தால் கட்டாயம் வரும்?


சிறகுக்குறிப்பு | பென்சில்வேனியா | மார்ச் 8

சகோதரி, 14 வருடமாக இந்தப் பறவைக்காகத்தான் என் தோட்டத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"எந்தச் செடி" என்று கேட்காதீர்கள், "எந்த மாதத்தில் எது பூக்கும்" என்று கேளுங்கள். உங்கள் பக்கமும் என் பக்கமும் கூடு கட்டுவது ஒரே இனம்தான், செங்கழுத்து ஹம்மிங்பேர்ட். எடை சுமார் 3 கிராம். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை 800 கிலோமீட்டர் இடைநில்லாமல் கடந்து வருகின்றன. நியூஜெர்சிக்கு வந்து சேர்வது ஏப்ரல் கடைசி வாரம். ஆண் முதலில் வரும், பெண் ஒரு வாரம் பத்து நாள் கழித்து. திரும்பிப் போவது செப்டம்பர் கடைசி, அதிகம் போனால் அக்டோபர் தொடக்கம். ஆக, ஐந்து மாதம் உங்கள் வேலியில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மூன்று வாரம் பூ இல்லாமல் போனால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். நல்ல இடத்தை நினைவில் வைத்து அடுத்த வருடமும் வரும் பறவை அது. ஒருமுறை பழகிவிட்டால் விடாது.

உங்கள் செடிகளில் என்ன குறை என்றால், அடுக்குப் பூக்களில் மகரந்தத்தாள்கள் இதழாக மாறியிருக்கும், தேன் குறைவு, இருந்தாலும் எட்டாது. அடுக்கு ரோஜா, அடுக்குப் பெட்டூனியா எல்லாம் நம் கண்ணுக்குத்தான். ஜெரேனியத்தில் சிவப்பு உண்டு, தேன் குறைவு. செம்பருத்திக்கு வரும்தான். ஆனால் ஒரு தொட்டிச் செடி நாளைக்கு நான்கு பூ பூக்கும். இந்தப் பறவைக்கோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பூ வேண்டும். தன் எடைக்கும் மேலாகத் தேன் குடிக்கிற ஜீவன் அது. நான்கு பூவைப் பார்த்துவிட்டு ஏன் நிற்கப் போகிறது?

அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு செடி என்று பத்து வகை வாங்காமல், நான்கே வகை எடுத்து ஒவ்வொன்றிலும் ஐந்தாறு செடியைக் கும்பலாக வையுங்கள்.

ஏப்ரல் கடைசிக்குக் கொலம்பைன். நம் மண்ணின் சிவப்பு மஞ்சள் கொலம்பைன்தான் வேண்டும், கடையில் விற்கும் பெரிய கலப்பின வண்ணங்கள் வேண்டாம். பூ தலைகீழாகத் தொங்கும். ஐந்து நீளக் குழல்கள் மேல்நோக்கி நிற்கும், தேன் அவற்றின் நுனியில் இருக்கும். பறவை கீழிருந்து அந்தரத்தில் நின்று அலகை மேலே நீட்டிக் குடிக்கும். அரை நிழல் போதும், தானே விதை போட்டுப் பரவும்.

வேலிக்குக் கோரல் ஹனிசக்கிள் கொடி. இதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வெள்ளையும் மஞ்சளுமாக, மணத்தோடு பூக்கும் ஜப்பானிய ஹனிசக்கிள் வேறு, அது இங்கே காட்டையே மூடுகிற களை. நமக்கு வேண்டியது லோனிசெரா செம்பர்வைரன்ஸ். வெளியே செம்பவளம், உள்ளே மஞ்சள், நீளக் குழல், மணமே இருக்காது. அட்டையில் இந்தப் பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம். வசந்தத்தில் மொட்டுகளில் அசுவினி ஏறும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

ஜூன் கடைசி, ஜூலைக்குச் சிவப்பு பீ பாம். துளசிக் குடும்பம், தண்டைத் தடவினால் சதுரமாக இருக்கும், இலை மணக்கும். அந்த மணத்தாலேயே மான் பெரும்பாலும் தொடாது. இலையில் வெள்ளைப் பூஞ்சை படியும் நோய் வரும் என்பதால் 'ஜேக்கப் க்ளைன்' என்ற ரகமாகக் கேட்டு வாங்குங்கள், அது ஓரளவு தாங்கும்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை கார்டினல் ஃபிளவர். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். மூன்றடிக் கதிர் முழுக்க ரத்தச் சிவப்பு. பூவின் மகரந்தத்தாள் குழாய் மேலே வளைந்து நிற்கும், பறவை தேனுக்கு அலகை நுழைத்தால் அதன் நெற்றியில் தொடும். அடுத்த செடிக்குப் போகும்போது மகரந்தத் தூளோடுதான் போகும். ஆனால் ஈர மண் வேண்டும். காய்ந்தால் ஒரே கோடையில் போய்விடும்.


எடிசன் தோட்டம் | மார்ச் 8

மிக்க நன்றி அண்ணா. ஈர மண்ணுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வெளியே போய்ப் பார்த்தேன். சென்ட்ரல் ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டும் இடம் வேலி முனையில்தான் இருக்கிறது. கோடை முழுக்க அங்கே பாசி பிடித்திருக்கும். அது சரிவருமா?


சிறகுக்குறிப்பு | மார்ச் 9

அருமையான இடம். கார்டினல் ஃபிளவர் ஆறையும் அங்கேயே வையுங்கள். களிமண்ணும் இதற்கு நல்லதுதான், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.


ஹூஸ்டன் கல்வாழை | டெக்சஸ் | மார்ச் 9

செடியெல்லாம் சரி. ஆனால் ஜூனுக்குள் பறவை வர வேண்டும் என்றால் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் ஃபீடர் ஒன்றும் மாட்டுங்கள். வைத்த வருடமே எல்லாச் செடியும் பூத்துக் குலுங்காது. நான் இரண்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். சர்க்கரை கரைந்ததும் ஆற விட்டு ஊற்றுங்கள். சிவப்புச் சாயம் வேண்டாம், ஃபீடரில் இருக்கிற சிவப்பே போதும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும். கலங்கியிருந்தாலோ கறுப்புப் பூஞ்சை தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கழுவ நேரம் இருக்காது என்றால் ஃபீடரே மாட்டாதீர்கள்.


புதுச்செடி | வட கரோலைனா | மார்ச் 9

வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்றுதானே நாமே நாட்டுச்சர்க்கரைக்கு மாறுகிறோம். வெல்லம் அல்லது தேன் கலந்து வைக்கலாமா?


ஹூஸ்டன் கல்வாழை | மார்ச் 9

கூடவே கூடாது தம்பி. நமக்கு நல்லது என்று சொல்கிற அதே இரும்புச்சத்தும் தாதுக்களும்தான் இந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. வெல்லம், கருப்பட்டி, பழுப்புச் சர்க்கரை எதுவும் வேண்டாம். தேனைத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூக்களின் தேனில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையும் அதேதான்.


பாஸ்டன் வேர் | மாசசூசெட்ஸ் | மார்ச் 10

ஃபீடரை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அது பாதி உணவு கூட இல்லை. தேன் இந்தப் பறவைக்குப் பறக்கத் தேவையான எரிபொருள். உடம்பு வளர்வது சின்னப் பூச்சி, கொசு, சிலந்தியால். குஞ்சுக்கு ஊட்டுவதும் அதிகம் பூச்சிதான். கூடு கட்டுவதே சிலந்தி நூலை வைத்துத்தான். அந்த நூல் இருப்பதால்தான் பாதி வால்நட் ஓடு அளவுள்ள கூடு, இரண்டு குஞ்சுகள் வளர வளர விரிந்து கொடுக்கிறது. சிலந்தி வலையைக் கண்டதும் துடைப்பத்தோடு கிளம்பும் பழக்கத்தை வேலி ஓரமாவது விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, செடி வாங்கும்போது நியோனிகோட்டினாய்ட் வகைப் பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது வேர் வழியாக ஏறித் தேன் வரை வந்துவிடும். நான் ஒரு வருடம் கேட்காமல் வாங்கி வந்த சால்வியாவில் கோடை முழுக்க ஒரு எறும்புகூட ஏறவில்லை. அப்புறம் அதே கடையில் விசாரித்தபோதுதான் மருந்து போட்ட செடி என்றார்கள். பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பணம் போனது பெரிதில்லை, அந்தக் கோடையில் எத்தனை வண்டு, எத்தனை பறவை அதைக் குடித்திருக்கும் என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

உள்ளூர்ச் செடிகளை மட்டும் வையுங்கள் என்பது என் கட்சி. இந்தப் பறவையும் இந்தப் பூக்களும் சேர்ந்தே உருவானவை.


ஹூஸ்டன் கல்வாழை | மார்ச் 10

உள்ளூர் மட்டும் என்று ஒரே கோட்டில் நிறுத்த முடியுமா? என் வீட்டுக் கல்வாழையை ஹம்மிங்பேர்ட் விடுவதே இல்லை. நாம் ஊரில் சாக்கடை ஓரத்துச் செடி என்று நினைக்கிற கல்வாழைக்குப் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். அந்திமந்தாரையும் அப்படியே. அது நம் ஊருக்கு வந்து நம் செடியானது.

எங்கள் பக்கம் உள்ளூர்ச் செடியும் உண்டு. டர்க்ஸ் கேப் என்று ஒன்று. செம்பருத்திக் குடும்பம், ஆனால் பூ கடைசி வரை விரியாது, சுருட்டிய சிவப்புக் குழலாகவே இருக்கும். அடர்ந்த நிழலிலும் பூக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வடக்கிலிருந்து இறங்கி வரும் பறவைகளில் ஏராளமானவை எங்கள் கடற்கரை ஓரத்தில் தங்கிக் கொழுப்பு சேர்க்கின்றன. வளைகுடாவைக் கடக்கும் முன் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். செப்டம்பரில் ராக்போர்ட் பக்கம் போய்ப் பாருங்கள், ஊரே இதற்காக விழா எடுக்கிறது.

வசந்தத்துக்கு கோரல் பீன். நம் கல்யாண முருங்கையின் உறவு, முள்ளும் அப்படியே, சிவப்பு மணி போன்ற விதையும் அப்படியே. விதை விஷம், குழந்தைகள் இருந்தால் கவனம். ஒரு வித்தியாசம் எனக்கு வியப்பாக இருந்தது. நம் ஊர்க் கல்யாண முருங்கையில் காக்கையும் மைனாவும் கிளையில் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி பூ திறந்து கிடக்கும். இங்கே பூ ஒடுங்கிய குழல், அந்தரத்தில் நிற்கிற பறவையின் ஒல்லி அலகுக்கு அளவெடுத்தது போல.


பாஸ்டன் வேர் | மார்ச் 10

கல்வாழையால் எனக்குப் பயமில்லை, பனியில் கருகிவிடும். என் பயம் வேறு. முதுமலையில் உண்ணிச்செடி என்ன செய்திருக்கிறது என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த தோட்டச் செடிதான். இங்கே பலர் பட்டாம்பூச்சிக்கும் ஹம்மிங்பேர்டுக்கும் என்று வாங்கி வைக்கிற பட்டர்ஃபிளை புஷ், ஓரிகனில் களை என்று அறிவிக்கப்பட்ட செடி. இன்னொரு ஊரில் அதே தவறுக்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது.


ஹூஸ்டன் கல்வாழை | மார்ச் 11

இதை மறுக்க மாட்டேன். பரவுகிற செடி வேண்டாம், சரி. டெக்சஸுக்கென்றே ஒரு உண்ணிச்செடி இனம் உண்டு, அதைத்தான் வைத்திருக்கிறேன்.


சிறகுக்குறிப்பு | மார்ச் 11

நான் நடுவில் நிற்கிறேன். வேலியின் முக்கால் பங்கு உள்ளூர்ச் செடி, மீதியில் பனியில் செத்துவிடும் வெளியூர்ச் சால்வியா. 'பிளாக் அண்ட் ப்ளூ' என்ற சால்வியா தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஜூனிலிருந்து பனி விழும் வரை நிற்காமல் பூக்கும், இங்கே எங்கும் பரவாது. பூ கருநீலம். சிவப்பு மட்டும்தான் பிடிக்கும் என்பது சரியில்லை. தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சிவப்புப் பூவில் போட்டி குறைவு, தேன் மிஞ்சியிருக்கும். பறவை அதைப் பழகிக்கொள்கிறது. தேன் இருந்தால் நீலத்துக்கும் வரும், வெள்ளைக்கும் வரும். மல்லிகை, நித்தியமல்லிப் பக்கம் போகாததற்குக் காரணம் நிறமல்ல, அவை இரவில் மணத்தால் அந்துப்பூச்சியை அழைக்கும் பூக்கள்.

விதை போட்டு வளர்க்கச் சால்வியா காக்சினியா நல்லது. மார்ச் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, மே நடுவில் வெளியே நடுங்கள். பைனாப்பிள் சேஜ் என்று ஒன்றை யாராவது சொல்வார்கள். தெற்கே அருமையான செடி. நமக்கு அது பூக்கத் தொடங்கும்போது பறவை கிளம்பியிருக்கும், பின்னாலேயே பனி வந்துவிடும். இரண்டு வருடம் அதற்காகக் காத்திருந்தேன்.

ட்ரம்பெட் வைன் மட்டும் வேலியில் ஏற்றாதீர்கள். பறவைக்கு அது விருந்து, உள்ளூர்க் கொடியும்கூட. ஆனால் வேர் ஓடி என் வீட்டு மரத்தள டெக்குக்கு அடியில் முளைத்தது. தோண்டித் தோண்டி எடுக்க மூன்று வருடம் ஆனது. இரண்டு ஏக்கர் இருந்தால் ஒரு பட்டுப்போன மரத்தில் ஏற்றலாம்.


டொராண்டோ பந்தல் | கனடா | மார்ச் 13

எங்கள் வளவிலும் இதே செங்கழுத்துத்தான், மே முதல் கிழமை வந்து செப்டம்பரில் போய்விடும். நீங்கள் மரக்கறித் தோட்டக்காரர் என்று சொன்னபடியால் ஒரு கண்டு சொல்கிறேன். ஸ்கார்லெட் ரன்னர் பீன். செக்கச்சிவந்த பூக்கொத்து, மெக்சிகோ மலைப்பக்கத்துப் பூர்வீகம், அங்கேயே ஹம்மிங்பேர்ட் தேடிப் போகிற பூ. அவரைப் பந்தல் போல எட்டு, பத்து அடி ஏறும். பிஞ்சை வறை செய்யலாம், நல்ல ருசி. விதையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாக அவிக்க வேண்டும்.

நாங்கள் மே மாதத்து விக்டோரியா டே விடுமுறையோடு விதை ஊன்றுவோம். ஜூலையில் பூக்கும், காயைப் பறித்துக்கொண்டே இருந்தால் பனி வரை பூக்கும். அம்மா பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருந்து பார்ப்பா. தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். எங்கள் செவ்வரத்தைக்கு, அதுதான் உங்கள் செம்பருத்தி, வருவதைவிட இதற்கு வருவதுதான் அதிகம்.


ஹூஸ்டன் கல்வாழை | மார்ச் 13

இங்கே அது சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் பூ கொட்டிவிடும். நியூஜெர்சிக்கு நல்லதுதான்.


எடிசன் தோட்டம் | மார்ச் 14

பந்தல் யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அப்பா வந்ததும் பிஞ்சு பறிக்கும் வேலையும் அவருக்கு ஆயிற்று. அவருக்கு இப்போதே போனில் சொன்னேன். "அதுவும் தேன்சிட்டு தானே?" என்றார். இரண்டும் ஒன்றா?


சிறகுக்குறிப்பு | மார்ச் 14

இல்லை. செய்திகளில்கூடச் சில சமயம் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகிறார்கள், ஆனால் வேறு குடும்பம். ஹம்மிங்பேர்டுக்குத் தமிழில் ஓசனிச்சிட்டு என்று பெயர் உண்டு. நூற்றுக்கணக்கான இனங்கள், எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். தேன்சிட்டு பழைய உலகப் பறவை, காகம், குருவியோடு ஒரே வரிசை. இதன் நெருங்கிய உறவோ உழவாரன். ஒரே வேலையைச் செய்து செய்து இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல ஆகிவிட்டன. அப்பாவுக்குக் காட்ட எளிய அடையாளம், தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நிற்கும், பின்னாலும் பறக்கும், நொடிக்குச் சுமார் 50 முறை சிறகடிக்கும்.


சான்ஹோசே மண் | கலிஃபோர்னியா | மார்ச் 16

தேன்சிட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கக் கற்றாழை வகைகள் குளிர்காலத்தில் செந்நிறக் கதிர் விடும். ஆப்பிரிக்காவில் அவை தேன்சிட்டு தேடி வரும் பூ. இங்கே அதே பூவுக்கு ஹம்மிங்பேர்ட் வந்து தலையை நுழைக்கிறது. கடல் தாண்டி வந்த பூ தன் வேலைக்கு ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டது.

எங்களுக்குக் கிடைத்திருப்பது ஆன்னா ஹம்மிங்பேர்ட். வருடம் முழுக்க இருக்கும், டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். அதனால் எங்கள் கணக்கு உங்களுக்கு நேர் எதிர். குளிர்காலப் பூதான் முக்கியம். மன்சனிட்டா, ஹம்மிங்பேர்ட் சேஜ், சிவப்புப் பூ நெல்லிக்காய்ப் புதர். வறண்ட ஆகஸ்டுக்குக் கலிஃபோர்னியா ஃபூஷியா, தண்ணீரே கேட்காது. மேற்குக் கரைக்காரர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு பீ பாம், கார்டினல் ஃபிளவர் என்று வாங்கிவிட வேண்டாம், தண்ணீர் ஊற்றி மாளாது.

ஜனவரியில் எலுமிச்சை மரத்தைக் கவாத்து செய்யும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று கையால் விலக்கிப் பாருங்கள். நான் பார்க்காமல் வெட்டிய கிளையில் இரண்டு முட்டை இருந்தது. மொச்சைக்கொட்டையைவிடச் சிறியது.


எடிசன் தோட்டம் | மே 5

வந்துவிட்டது!

ஏப்ரல் தொடக்கத்தில் கொலம்பைன் ஐந்து, கோரல் ஹனிசக்கிள் இரண்டு வாங்கி வைத்தேன். கொலம்பைன் மொட்டோடு வந்த செடிகள். மே 3 காலை ஏழரைக்கு ஆண் பறவை. தொண்டை முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது, ஏதோ வேறு பறவை என்று நினைத்தேன். தலையைத் திருப்பியதும் நெருப்பு பற்றினது போல் சிவப்பு. கொலம்பைனில் ஒவ்வொரு குழலாக ஐந்தையும் பார்த்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. சிறகுச் சத்தம் கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் நின்றேன்.


சிறகுக்குறிப்பு | மே 5

மனம் நிறைந்துவிட்டது. அந்தச் சிவப்பு சாயமல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. கோணம் மாறினால் கறுப்பு.


புதுச்செடி | ஜூலை 12

எனக்கும் வந்தது! பீ பாம் பூவில். மிகச் சின்னது, ஒன்றரை அங்குலம்தான் இருக்கும், குஞ்சு என்று நினைக்கிறேன். முதுகு பச்சை, வயிற்றில் செம்பழுப்புப் பட்டை, தலையில் இரண்டு கொம்பு மாதிரி இருந்தது.


பாஸ்டன் வேர் | ஜூலை 12

அது ஹம்மிங்பேர்ட் கிளியர்விங் என்ற அந்துப்பூச்சி. கொம்பு என்று நீங்கள் பார்த்தது உணர்கொம்பு. பறவைக் குஞ்சு கூட்டை விட்டு வரும்போதே ஏறக்குறைய தாய் அளவுக்கு வந்திருக்கும். ஏமாற்றம் வேண்டாம், இந்தப் பூச்சி வருகிற தோட்டத்தில் தேன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பறவையும் வரும்.


எடிசன் தோட்டம் | ஆகஸ்ட் 21

நீண்ட நாளாக எழுதவில்லை. மான் ஒரே இரவில் அவரைக் கொடியின் கீழ்ப்பாதியை மேய்ந்துவிட்டது, கம்பி வலை சுற்றிய பிறகு தழைத்துவிட்டது. பீ பாம் முதல் வருடம் என்பதால் சுமார்தான். ஏசி தண்ணீரில் நிற்கும் கார்டினல் ஃபிளவர் என் தோளுக்கு வருகிறது.

அப்பா ஜூன் 14 வந்தார். ஃபீடர் மாட்டவில்லை. அவரே வேண்டாம் என்றார். "பூவில் குடிக்கிறதைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். தினமும் காலை காபியோடு ஏசி பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி. கார்டினல் ஃபிளவரில் குடித்துவிட்டு வந்த பறவையின் நெற்றியில் மகரந்தத் தூள் ஒட்டியிருந்ததை எனக்கு முன்னால் கவனித்தவர் அவர்தான். "விபூதி பூசிக்கொண்டு போகிறது பார்" என்றார்.

இரண்டு கேள்வி. இப்போது வருவதில் எதற்கும் தொண்டை சிவப்பு இல்லையே? அப்புறம், இரண்டு பறவை ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கின்றன, யாரும் நிம்மதியாகக் குடிப்பதில்லை. என்ன செய்வது?


சிறகுக்குறிப்பு | ஆகஸ்ட் 21

வளர்ந்த ஆண்கள் முதலில் கிளம்பிவிடும். இப்போது இருப்பவை பெண்களும் இந்த வருடத்துக் குஞ்சுகளும், தொண்டை வெள்ளை. சண்டைக்குக் காரணம், ஒரு பறவை ஒரு பூக்கூட்டத்தைத் தன்னுடையது என்று காவல் காக்கும். அடுத்த வருடம் வீட்டின் மறுபக்கம், இங்கிருந்து பார்வைக்குத் தெரியாத இடத்தில், இன்னொரு கூட்டம் வையுங்கள்.

பூக்களில் பச்சைக் கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தால் எடுத்து வேறு செடியில் விடுங்கள். பெரிய கும்பிடுபூச்சி இந்தப் பறவையையே பிடித்துவிடும், நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓடை இருந்தால் அப்பாவை அழைத்துப் போங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஜூவல்வீட் பூத்துக் கிடக்கும். நம் காசித்தும்பையின் இனம், முற்றிய காயைத் தொட்டால் அதே மாதிரி வெடிக்கும். தெற்கே போகும் பறவைகளுக்கு இந்த மாதத்தில் அதுதான் வழிச்சோறு.


எடிசன் தோட்டம் | ஆகஸ்ட் 25

போனோம். காயைத் தொட்டதும் வெடித்தது. அப்பா அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. மூன்று பறவை எண்ணினோம்.


எடிசன் தோட்டம் | அக்டோபர் 9

கடைசியாகப் பார்த்தது செப்டம்பர் 27, 'பிளாக் அண்ட் ப்ளூ' சால்வியாவில். அதற்குப் பிறகு பத்து நாள் அப்பா நாற்காலியைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. பனிக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும்?


டொராண்டோ பந்தல் | அக்டோபர் 9

முற்றிய அவரை நெற்றுகளைப் பறித்துக் காய வைத்து விதை எடுங்கோ. ஊதாவில் கறுப்புப் புள்ளி போட்ட வடிவான விதை. அடுத்த வருசத்துக்கு வாங்கத் தேவையில்லை.


சிறகுக்குறிப்பு | அக்டோபர் 9

'பிளாக் அண்ட் ப்ளூ' சால்வியாவின் தண்டை அரையடிக்கு வெட்டிவிட்டு, கிழங்கு மாதிரி தடித்த வேரோடு தோண்டி, கொஞ்சம் ஈரமான மண்ணில் வைத்து கராஜில் வையுங்கள். உறையாத இடமாக இருக்க வேண்டும். கொலம்பைன், பீ பாம் தண்டுகளை வெட்டாமல் வசந்தம் வரை விடுங்கள்.

கார்டினல் ஃபிளவரில் மட்டும் கவனம். கதிர் காய்ந்த பிறகு அடியில் பச்சையாகச் சின்ன இலைக்கொத்து இருக்கும், அடுத்த வருடச் செடி அதுதான். மரத்து இலைகள் அதன் மேல் விழுந்து மூடினால் குளிர்காலத்தில் அழுகிவிடும்.


எடிசன் தோட்டம் | அக்டோபர் 12

சால்வியா மூன்றையும் தோண்டி கராஜில் வைத்தாயிற்று. அவரை விதை ஒரு டப்பா நிறைய வந்திருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். பக்கத்து வீட்டு மேப்பிள் இலை முழுக்க எங்கள் வேலி ஓரம்தான் கொட்டுகிறது. கார்டினல் ஃபிளவர் மேல் விழுவதை அப்பா தினமும் காலையில் காபி குடித்ததும் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார்.